600 கிலோவும் ஓட்டுநர் உரிமமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவில் இலகு ரக விளையாட்டு விமானங்களுக்கு இருந்த 600 கிலோ வரம்பை எடுத்துவிட்டார்களாமே? எடை கூடினால் ஆபத்தும் கூடாதா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

கூடும்தான். ஆனால் தரையில் மோதும்போது எடையைவிட வேகம்தான் அதிகம் கெடுக்கும். 2004-இல் வந்த விதி, ஆளும் பெட்ரோலும் சேர்த்து மொத்த எடை 600 கிலோ (நீரில் இறங்குபவற்றுக்கு 650), ஸ்டால் வேகம் 45 நாட் (ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) என்றது. ஸ்டால் வேகம் என்றால் அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது. பரம சாதுவான பயிற்சி விமானம் செஸ்னா 150 சுமார் 726 கிலோ என்பதால் வெளியே நின்றது. தயாரிப்பாளர்களோ வரம்புக்குள் அடங்க, கிராம் கிராமாக எடையைச் சுரண்ட வேண்டியிருந்தது. 2025 அக்டோபர் 22 முதல் ஸ்போர்ட் பைலட்டுக்கு (இவ்வகைச் சிறு விமானங்களை ஓட்டும் எளிய உரிமம் பெற்றவருக்கு) எடை வரம்பு கிடையாது. ஃபிளாப் (மெதுவாகப் பறக்க இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் தகடு) இறக்காத நிலையில் ஸ்டால் வேகம் 59 நாட்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். நான்கு இருக்கை இருந்தாலும் ஒரு பயணிதான்.

மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 45 நாட் 59 ஆனால் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.7 மடங்கு. எடையை விட்டது சரி. 59 என்பது கொஞ்சம் தாராளம்தான்.

கேள்வி: 600 கிலோ விமானத்தில் பெங்களூரின் ஜக்கூர் விமானத் தளத்திலிருந்து இருவர் டேங்க் நிறைய பெட்ரோலோடு கிளம்பலாமா?

காலி எடை 350 கிலோ என்று வையுங்கள். ஆளுக்கு 85 என்றால் இருவர் 170. பெட்ரோல் லிட்டருக்கு 0.72 கிலோ, 100 லிட்டருக்கு 72. பைக்கு மிச்சம் 8 கிலோ. காகிதத்தில் சரி. ஆனால் ஜக்கூர் சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. 33 டிகிரி வெயிலில் அங்குள்ள காற்று, கிட்டத்தட்ட 5,900 அடியில் இருப்பதுபோல் மெலிந்துவிடும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். ஓடுபாதையில் ஓட்டமும் நீளும், ஏற்றமும் மந்தமாகும். விமானக் கையேட்டில் கடல் மட்டத்துக்கான வரிசையைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதுதான் வழக்கமான தப்பு. 40 லிட்டர் போதும். எடையில் 43 கிலோ குறையும். மணிக்கு 20 லிட்டர் செலவென்றால், அரை மணி கையிருப்பு போக ஒன்றரை மணி பறக்கலாம். காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: விமானம் ஓட்ட, மெடிக்கல் சான்றிதழுக்குப் பதில் கார் லைசென்ஸே போதுமா?

இங்கே போதாது. தனியார் விமானி உரிமத்துக்கு விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் இரண்டாம் வகுப்பு மருத்துவத் தகுதி வேண்டும், அதுவும் அவர்கள் அங்கீகரித்த மருத்துவரிடம். பயிற்சிக் கட்டணம் கட்டும் முன்பே நிறப்பார்வையைச் சோதித்துக்கொள்ளுங்கள். பலர் அங்கேதான் மாட்டுகிறார்கள். அமெரிக்காவில் ஸ்போர்ட் பைலட்டுக்குக் கார் லைசென்ஸ் செல்லும். ஆனால் கடைசியாக விண்ணப்பித்த மெடிக்கல் மறுக்கப்பட்டிருந்தால் செல்லாது. அதனால் அங்கே சந்தேகமுள்ளவர்கள் முதலில் விண்ணப்பமே போடுவதில்லை. உடம்பு சரியில்லை என்று தெரிந்தும் ஏறினால், லைசென்ஸ் கையில் இருந்தாலும் அது விதிமீறல்தான்.