குவார்ட்சைட் என்று விற்கும் கல் எலுமிச்சைச் சாற்றில் மங்குமா?

கேள்வி: சமையல் மேடைக்கு, வெள்ளையில் சாம்பல் ரேகை ஓடும் கல் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். "குவார்ட்சைட், கிரானைட்டைவிடக் கெட்டி" என்றார் கடைக்காரர். மாதிரித் துண்டில் எலுமிச்சைச் சாறு சொட்டிய இடம், துடைத்த பிறகும் மங்கலாகவே இருக்கிறது. "பாலிஷ் குறைவு, சீலர் பூசினால் சரியாகிவிடும்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: குவார்ட்சைட் என்று நம்பி வாங்காதீர்கள். உங்கள் கையில் இருப்பது அநேகமாக மார்பிள்.

இரண்டுமே உருமாறிய பாறைகள்தான், பார்வைக்கும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் பிறப்பு வேறு. பூமிக்குள் ஆழத்தில் புதையும் மணற்கல், பல நூறு டிகிரி சூட்டிலும் பெரும் அழுத்தத்திலும் உருகாமலே மாறுகிறது. தனித்தனியாக இருந்த மணல்மணிகள் ஒன்றோடொன்று இறுகக் கோத்துக்கொண்டு குவார்ட்சைட் ஆகின்றன. அதில் இருப்பது ஏறக்குறைய முழுக்கக் குவார்ட்ஸ் என்ற கெட்டியான கனிமம். சுண்ணாம்புக்கல்லுக்கு இதே கதி நேர்ந்தால் கிடைப்பது மார்பிள். அதில் இருப்பது பெரும்பாலும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். மூலக்கல்லில் கலந்திருந்த களிமண், கரி போன்றவைதான் நீங்கள் ரசித்த சாம்பல் ரேகைகள்.

கால்சைட்டை அமிலம் கரைத்துவிடும். நீங்கள் பார்த்த மங்கல் கறை இல்லை, கல்லே அரித்துப்போன இடம். சீலர் நுண்துளைகளை அடைத்து எண்ணெய் ஊறாமல் காக்கும், அமில அரிப்பைத் தடுக்காது. குறையைப் பாலிஷ் மேல் போடுவது சரியில்லை. அமிலம் பட்டு மங்கும் கல்லைக் குவார்ட்சைட் என்று விற்கவே கூடாது.

சாறு பட்டு மங்காவிட்டாலும் உடனே நம்பிவிட வேண்டாம். கால்சைட்டுக்கு உறவான டோலமைட் என்ற கனிமம் கலந்த மார்பிள் அமிலத்துக்கு மெதுவாகத்தான் இளகும். அதனால் கீறிப் பாருங்கள். மோஸ் கடினத்தன்மை அளவில் எண் கூடியது, எண் குறைந்ததைக் கீறும். அதில் கால்சைட் 3, டோலமைட் 3.5 முதல் 4 வரை, கண்ணாடி சுமார் 5.5, குவார்ட்ஸ் 7. துண்டின் கூரான முனையைப் பழைய கண்ணாடி பாட்டிலில் அழுத்தி இழுங்கள். குவார்ட்சைட் என்றால் துடைத்தாலும் போகாத கோடு விழும். மார்பிள் வெள்ளைத் தூளைத்தான் அப்பிவிட்டுப் போகும். பாலிஷ் இல்லாத உடைந்த ஓரத்தையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். குட்டிக் குட்டிக் கண்ணாடித் தகடுகள்போலப் பளிச்பளிச்சென்று மின்னினால் அது கால்சைட்.

கிரானைட் என்ற பெயரிலும் இப்படி ஒரு குழப்பம் உண்டு. வரிவரியாக வரும் பல 'கிரானைட்'கள் உண்மையில் நைஸ் எனப்படும் உருமாறிய பாறை. குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பார் என்ற இன்னொரு கெட்டியான கனிமமும் மிகுந்தவை என்பதால் மேடைக்குத் தாங்கும். அதில் பயமில்லை.

மார்பிளின் அழகு பிடித்திருந்தால், மார்பிள் என்று தெரிந்தே மார்பிள் விலைக்கு வாங்குங்கள். புளிப்புப் பொருள் சிந்தாத இடத்தில் பதித்தால் நன்றாக உழைக்கும். மேடைக்குக் குவார்ட்சைட்தான் வேண்டுமென்றால், கடையில் கிடக்கும் மாதிரித் துண்டை விட்டுவிட்டு, உங்களுக்கு ஏற்றப்போகும் அதே பலகையிலிருந்து ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சோதியுங்கள். பில்லிலும் 'குவார்ட்சைட்' என்றே எழுதி வாங்குங்கள்.