மும்பையில் ஒரே ஒரு மாலை: கேமராவோடு எங்கே தொடங்குவது?

வேலையாக மும்பை வருகிறேன், ஒரு மாலைதான் கையில் இருக்கிறது, தென் மும்பையை நடந்தே படமெடுக்க எந்த வழியில் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு வருடம் அங்கே வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் முறை, சூரியன் மறையும் நேரம் பார்த்து நேராக கேட்வே ஆஃப் இந்தியாவுக்குப் போனேன். அது கிழக்குக் கடலோரம் நிற்கிறது. சூரியன் எனக்குப் பின்னால் கட்டடங்களுக்குள் போய்விட்டது. கிடைத்தது வெளிறிய வானமும் நிழல் விழுந்த வளைவும்தான். அதனால் கேட்வேயை 4.30-க்கே முடித்துவிடுங்கள். ஊர்ப் பக்கம் நின்றால் அந்த மஞ்சள் பசால்ட் கல்லில் வெயில் படும். பத்து நிமிடம் போதும்.

அங்கிருந்து காலா கோடா வழியாக ஓவல் மைதானம். இங்கே அவசரப்படாதீர்கள். மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் ராஜாபாய் கடிகாரக் கோபுரம், 280 அடி, 1878-ல் முடிந்தது. சாயும் வெயில் முழுக்க அதன் முகத்தில்தான் விழும். பருத்தி வியாபாரி பிரேம்சந்த் ராய்சந்த் பணம் கொடுத்துத் தன் அம்மா பெயரை வைத்தார். பார்வையில்லாத அந்த அம்மா சமணர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும், மணியோசை நேரம் சொல்லும் என்பதற்காகவே கட்டினார் என்று சொல்வார்கள். அந்தக் கதையைக் கேட்ட பிறகு மாலையில் மட்டுமே அந்தக் கோபுரத்தை எடுத்தேன். கோபுரத்தை மட்டும் எடுக்காமல், கீழே பக்கம் பக்கமாகக் கிரிக்கெட் ஆடும் பையன்களையும் சேர்த்து, கொஞ்சம் தள்ளி நின்று எடுங்கள். கிட்டே போய் அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்னால் சாய்ந்ததுபோல் விழும்.

அடுத்தது எங்கே என்பதில்தான் பலரோடு எனக்குக் கருத்து வேறுபாடு. எல்லோரும் மேற்குக் கடலோரச் சாலையான மரைன் டிரைவுக்கு ஓடச் சொல்வார்கள். நான் ஃப்ளோரா ஃபவுன்டன் வழியாக சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்துக்குப் போகச் சொல்வேன், பழைய ஆட்கள் வி.டி. என்பார்களே, அதுதான். சூரியன் மறைந்த பின் வானம் நீலமாக இருப்பது இருபது இருபத்தைந்து நிமிடம். அந்த நீலத்தில்தான் கட்டடக் கலைஞர் ஸ்டீவன்ஸ் வடிவமைத்த அந்தக் குவிமாடமும் அதன் உச்சியில் தீபம் ஏந்திய சிலையும் துலக்கமாகத் தெரியும். வானம் கறுத்துவிட்டால் விளக்கு படும் சுவர் மட்டும் மிஞ்சும். மரைன் டிரைவுக்கு அந்தக் கவலை இல்லை. அங்கே படமே விளக்கு வரிசைதான், எட்டு மணிக்கும் அது அப்படியே இருக்கும்.

சி.எஸ்.எம்.டி.யில் மொபைலில் எடுத்தால், பளிச்சென்ற ஜன்னலைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கேமரா என்றால் எதிர்ப்புறக் கம்பித் தடுப்பில் ஊன்றி ஷட்டரை ஒரு வினாடி திறந்து வையுங்கள். ‘பெஸ்ட்’ என்கிற சிவப்பு நகரப் பஸ் கோடாக ஓடும்.

பிறகு டாக்ஸி பிடித்து மரைன் டிரைவ். கடலோரச் சுவர்மேல் கேமராவை வைத்து இரண்டு வினாடி டைமர் போட்டால் முக்காலி வேண்டாம்.

நான் சொன்ன நேரம் டிசம்பர், ஜனவரிக்கு. மே மாதம் வந்தால் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் தள்ளிக்கொள்ளுங்கள், அப்போது சூரியன் ஏழுக்கு மேல்தான் மறையும்.