காடைக்குக் கேழ்வரகு மட்டும் போதுமா?

பாலக்கோடு வாசகர்: வீட்டில் இருபது காடை இருக்கிறது. சொந்தக் கேழ்வரகு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதையே போடலாமா?

தருமபுரிக்காரருக்கு இந்த ஆசை வருவது நியாயம்தான். ஆனால் போதாது. கேழ்வரகில் புரதம் 7 சதவீதம் அளவுதான். காடைக் குஞ்சுக்கு முதல் 3 வாரம் 24 முதல் 27 சதவீதம் வேண்டும். முட்டையிடும் காடைக்கு 20. 'கேழ்வரகில்தான் சுண்ணாம்புச்சத்து அதிகமாச்சே' என்பீர்கள். அது நமக்கு அதிகம். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கும். முட்டையிடும் காடைத் தீவனத்தில் 100 கிராமுக்கு இரண்டரை, மூன்று கிராம் இருக்க வேண்டும். நாட்டுக்கோழி குப்பையைக் கிளறி, புழு பூச்சி தின்று ஈடுகட்டிக்கொள்ளும். கூண்டுக் காடைக்கு நீங்கள் போடுவதுதான் எல்லாம்.

கடையில் காடைத் தீவனம் கிடைக்காவிட்டால், குஞ்சுக்கு பிராய்லர் பிரீ-ஸ்டார்ட்டரை (கறிக்கோழிக் குஞ்சுக்கு முதலில் போடும் தீவனம்) ரவை பதத்துக்கு உடைத்துப் போடுங்கள். முட்டைப் பருவத்தில் கிளிஞ்சல் தூள் அவசியம். பெரிய காடை நாளுக்கு 25, 30 கிராம்தான் தின்னும். இருபதுக்கும் சேர்த்து அரைக் கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான் செலவு. மனசு கேட்காவிட்டால் சாயங்காலம் ஒரு பிடி கேழ்வரகு இறையுங்கள். பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கை மட்டும் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள்.

ஓசூர் வாசகி: குஞ்சுகள் தண்ணீர்த் தட்டில் விழுந்து சாகின்றன. ராத்திரியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்குகின்றன.

முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த குஞ்சு பத்து கிராம்கூட இருக்காது. நாலு விரற்கடைத் தண்ணீரே அதற்குக் கிணறு. தட்டில் கூழாங்கல்லோ கோலிக்குண்டோ நிரப்பிவிடுங்கள். நசுங்குவது குளிரால். ஓசூர் மார்கழிக்கு ஒரு சின்ன பல்பு பத்தாது. முதல் வாரம் 37 டிகிரி வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டர் இல்லையா? குஞ்சைப் பாருங்கள். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு. பரவலாகப் படுத்துக் கிடந்தால் சரி. அப்புறம், கீழே வழவழப்பான செய்தித்தாள் வேண்டாம், கால் விரிந்துவிடும். சாக்கு விரியுங்கள்.

அரூர் வாசகர்: ஆண், பெண் எப்படிப் பிரிப்பது?

மூன்று வாரத்துக்குப் பிறகு மார்பைப் பாருங்கள். செம்பழுப்பாக இருந்தால் ஆண். வெளிறிய மார்பில் கரும்புள்ளி தெளித்திருந்தால் பெண். குஞ்சு பொரிக்க 3 பெண்ணுக்கு ஓர் ஆண் போதும். சாப்பிட முட்டை மட்டும் என்றால் ஆணே தேவையில்லை.

காவேரிப்பட்டணம் வாசகி: முட்டையிடுகிறது, அடை உட்கார மாட்டேன் என்கிறது.

உட்காராது. வளர்ப்புக் காடைக்கு அந்தப் பழக்கம் போய்விட்டது. இன்குபேட்டரில் 17, 18 நாளில் பொரியும். அடைக்கு வந்த சின்ன நாட்டுக்கோழியின் கீழும் வைக்கலாம். கனத்த கோழி என்றால் முட்டை உடையும்.

பென்னாகரம் வாசகர்: திடீரென்று எகிறி மண்டையை உடைத்துக்கொள்கின்றன.

மிரண்டால் காடை நெட்டுக்குத்தாகத்தான் எழும்பும். கூண்டை ஓர் அடி உயரத்துக்குள் கட்டுங்கள். வேகம் பிடிக்க இடம் இருக்காது. பூனை வரும் வழியையும் அடையுங்கள்.

தேன்கனிக்கோட்டை வாசகர்: காட்டில் பிடித்த காடையைச் சேர்த்து வளர்க்கலாமா?

கூடாது. நாம் வளர்ப்பது ஜப்பானியக் காடை. காட்டுக் காடையைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.