சப்பாத்தை ஏன் எடுத்து வைத்தீர்கள்?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. என் தம்பியின் பட்டறையில் வெல்டர். செம்பனை ஆலைகளில் பாய்லர், குழாய் வேலை செய்கிறான். தம்பிக்கு இப்போது சுமத்ராவில் ஓர் ஆலை வேலை கிடைத்திருக்கிறது. மகன் இரண்டு தடவை மேடான் போய், பத்துப் பத்து நாள் வேலை செய்துவிட்டு வந்தான். விசா தேவையில்லை, 'சுற்றிப்பார்க்க வந்தேன்' என்றால் போதும் என்கிறான் தம்பி. சேஃப்டி சப்பாத்து மட்டும் பையில் வேண்டாம், அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்றான். நானும் எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டேன். அடுத்த புதன்கிழமை மறுபடியும் பயணம். அடிக்கடி போனால் கேள்வி கேட்பார்களாமே? பினாங்கிலிருந்து போவது நல்லதா, கோலாலம்பூரிலிருந்தா? தம்பி மனம் கோணாதபடி ஒரு வழி சொல்லுங்கள்.
- ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, பினாங்கா கோலாலம்பூரா என்பதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. எங்கே ஏறினாலும் இறங்கும் இடம் ஒன்றுதான். சப்பாத்துக்கு வருவோம்.

அந்த வரியைப் படிக்கும்வரை, பாவம், உங்கள் தம்பிக்குச் சட்டம் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்தேன். தெரியாதவன் சப்பாத்தை மறைக்கச் சொல்லமாட்டான். மலேசியக் கடப்பிதழ் இருந்தால் விசா இல்லாமல் இந்தோனேசியாவில் 30 நாள் இருக்கலாம், உண்மைதான். ஊர் சுற்றலாம், சொந்தக்காரரைப் பார்க்கலாம், வியாபாரம்கூடப் பேசலாம். உங்கள் தம்பியே போய் ஆலையைப் பார்த்து, விலை பேசிவிட்டு வந்தால் ஒரு தப்பும் இல்லை. ஸ்பானரைக் கையில் எடுத்தால் அது வேலை. அதற்கு வேறு அனுமதி வேண்டும். இந்த வித்தியாசம் அவருக்கு நன்றாகத் தெரிகிறது. இரும்பு முனை வைத்த சப்பாத்தோடு யாரும் தோபா ஏரி பார்க்கப் போவதில்லை என்று ஸ்கேன் இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும் அதிகாரிக்கும் தெரியும்.

உங்களுக்கும் தெரிந்திருக்கிறது. இல்லையென்றால் 'எடுத்து வைத்துவிட்டேன்' என்று ஏன் எனக்கு எழுதுகிறீர்கள்?

இந்தோனேசியாவின் 2011-ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம், 122-ஆம் பிரிவு. வந்த காரணத்துக்கு மாறாக வேறு காரியம் செய்தால் 5 ஆண்டு வரை சிறை, 50 கோடி ரூப்பியா வரை அபராதம். செய்யச் சொன்னவருக்கும் அதே தண்டனை என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் செய்யச் சொன்னவர் சுங்கை சிப்புட்டில் தன் வீட்டில் இருப்பார். ஆலைக்குள் பிடிபடுவது உங்கள் பிள்ளை. நீதிமன்றம்வரை போகாமல் நாடு கடத்தி, இனி வரக்கூடாது என்று பெயரைக் குறித்து வைத்தாலே போதும், அந்தப் பக்கத்து வேலை அவனுக்கு முடிந்தது.

அப்புறம் அவன் கால். ஆலையில் பழம் வேகவைக்கும் கலத்தில் நீராவி 140 டிகிரி வரை போகும். அங்கே போய் இறங்கிய பிறகு, கிடைத்த சப்பாத்தை, அளவு சரியில்லாவிட்டாலும் மாட்டிக்கொண்டு நிற்பான். காலில் பட்டால் எந்த ஆஸ்பத்திரியில் என்னவென்று சொல்வான்? சுற்றுலாவுக்கு எடுக்கும் பயணக் காப்புறுதி, வெல்டிங் வேலையில் பட்ட காயத்துக்குப் பெரும்பாலும் பணம் தராது.

எனக்குக் கோபம் வரக் காரணம் இருக்கிறது. 1969-இல் மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் கட்டாயம் என்று வந்தபோது, எங்கள் தோட்டத்து லயத்தில் எதிர்வீட்டுக்காரர் சிவப்பு ஐ.சி., அதாவது குடியுரிமை இல்லாதவருக்கான அடையாள அட்டை வைத்திருந்தார். இருபது வருஷம் பால்மரம் வெட்டியவர். பெர்மிட் கிடைக்கவில்லை. தட்டுமுட்டுச் சாமானை விற்றுவிட்டு, குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போகும் ரஜூலா கப்பல் ஏறினார். ஒரு தாள் இல்லாததால் தோட்டத்தை விட்டுப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். அவருக்குத் தாள் கிடைக்கவில்லை. உங்கள் தம்பிக்குக் கிடைக்கும், கேட்கத்தான் மனமில்லை. இயந்திரம் பொருத்துவது, பழுதுபார்ப்பது போன்ற தற்காலிக வேலைக்கு 6 மாதம் வரை வெளிநாட்டவரை வைத்துக்கொள்ள அங்கே வழி இருக்கிறது. கூப்பிடும் ஆலைதான் அங்குள்ள மனிதவள அமைச்சில் விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவருக்கு மாதம் 100 அமெரிக்க டாலர் என்று ஒரு கட்டணமும் இருக்கிறது. இந்தச் செலவும் காத்திருப்பும் வேண்டாம் என்றுதான் பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்குகிறார்கள்.

தம்பி மனம் கோணக்கூடாதாம்! காது குத்தும்போது மடியில் உட்காரவைத்தவர் தாய்மாமன். அந்த மடிக்கு ஒரு பொறுப்பு உண்டு. சீர் செய்ததோடு அது தீர்ந்துவிடாது. சொந்தக்காரன் என்பதால்தான் உங்கள் மகன் 'முடியாது' என்று சொல்லாமல் இருக்கிறான். வேறு முதலாளியாக இருந்தால் முதல் தடவையே பெர்மிட் எங்கே என்று கேட்டிருப்பான். அவன் வாயைக் கட்டியிருப்பது உங்கள் உறவு. அதனால் பேச வேண்டியதும் நீங்கள்தான்.

இன்றைக்கே அந்தச் சப்பாத்தை இறக்குங்கள். தம்பி வீட்டுக்குக் கொண்டுபோய் ஹாலில் வைத்து, 'இதைப் பையில் வைத்து அனுப்பலாமா?' என்று மட்டும் கேளுங்கள். அனுப்பலாம் என்றால் பெர்மிட்டைக் காட்டச் சொல்லுங்கள். பதில் வரவில்லையா, புதன்கிழமை டிக்கெட்டுக்கு ஆன பணத்தை மேசைமேல் வைத்துவிட்டு, சப்பாத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.