பாம்பன் தீவு: கரைச்செடியும் கல்குழியும் பற்றிக் கேட்டவை

கே: அக்கா, கடல் வற்றும்போது பாறை இடுக்கில் நீர் தேங்கி நிற்கும் கல்குழிகளைப் பார்க்க ராமேஸ்வரத்துக்கு எப்போது வரலாம்?

ப: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வாருங்கள். அப்போதுதான் தண்ணீர் நன்றாக வற்றும். இங்கே ஏற்றவற்றம், அதாவது கடல் ஏறி வற்றும் அளவு, ஒரு மீட்டர்கூட இராது. மற்ற நாளில் வந்தால் ஏமாற்றம்தான். ஓலைக்குடாவில் தண்ணீர் வற்றி முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள். பழைய செருப்பு போதும். பவளத்தை மிதிக்காதீர்கள். கல்லைப் புரட்டினால் இருந்தபடியே திருப்பி வையுங்கள். அடியில் ஒட்டியிருப்பவை வெயில் பட்டால் செத்துவிடும்.

கே: மணலில் ஊதாப்பூவோடு படர்ந்திருக்கும் கொடி எது?

ப: அடம்பு. இலை நடுவில் பிளந்து மான் குளம்பு மாதிரி இருக்கும். சங்கப் புலவர்கள் பார்த்த அதே இலை. கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடித்துக்கொள்ளும். பிடுங்காதீர்கள்.

கே: குருசடைத் தீவுக்கு நாங்களே படகு பிடித்துப் போகலாமா?

ப: கூடாது. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அது ஒன்று. வனத்துறை அனுமதி வேண்டும்.

கே: கடல் அட்டை ஒன்றை வீட்டுத் தொட்டிக்கு எடுத்து வரலாமா?

ப: 2001 முதல் தடை. பவளம், கடல்குதிரைக்கும் இதே பதில்தான். இன்றைக்கு மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

கே: செத்த சங்கை எடுத்தால் என்ன அக்கா? அலையே கொண்டுவந்து போடுகிறதே.

ப: துறவி நண்டைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் பின்னுடம்பு தோல் மாதிரி மெத்தென்று இருக்கும். செத்த சங்கின் காலிக் கூட்டுக்குள்தான் அது ஒளிந்து வாழும். கூடு இல்லாவிட்டால் மீனுக்கு இரை. ஒருமுறை குழியோரம் குந்தியிருந்தேன். ஒரு நண்டு காலிக் கூட்டை உருட்டி, வாய்க்குள் கொடுக்கைவிட்டு அளந்து பார்த்தது. ஒரே நொடியில் பழையதிலிருந்து உருவி இதற்குள் நுழைந்துவிட்டது.

கே: ஆயிரம் சங்கு கிடக்கும் கரையில் ஒன்று குறைந்தால் நண்டுக்கு வீடா இல்லை?

ப: நல்ல கூட்டைத்தான் நீங்களும் எடுப்பீர்கள், நண்டும் தேடும். ஓட்டையும் உடைசலும்தான் மிஞ்சும். வருகிறவர்கள் எல்லோரும் "ஒன்றுதானே" என்றால்? அப்புறம், செத்தது என்று நினைத்துக் கூம்புச் சங்கைத் தொட்டுவிடாதீர்கள். உள்ளே உயிர் இருந்தால் விஷ ஊசியால் குத்தும். அதற்கு விஷமுறிவு மருந்து கிடையாது.

கே: கரைச்செடிகளில் எதைத் தின்னலாம்?

ப: படம் பார்த்துச் சொல்ல மாட்டேன். ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடியின் தண்டை மட்டும் விரலால் நசுக்கி நாக்கில் வையுங்கள். நீர் சொட்டும், கரிக்கும்.

கே: கல்லைப் புரட்டலாமா?

ப: முதல் பதிலைப் படியுங்கள். திருப்பி வையுங்கள்.