கல்லீரல் புற்றுநோய் ஆபரேஷனுக்கு முன்பே, நோயாளி எவ்வளவு காலம் வாழ்வார் என்று சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். உங்கள் அப்பாவுக்காகக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஆபரேஷனைத் தாங்குவாரா, மிஞ்சும் கல்லீரல் போதுமா என்ற இரண்டுக்கும் முன்கூட்டியே நல்ல பதில் கிடைக்கும். கட்டி திரும்ப வருமா என்பதுதான் பிடிபடாது.

இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் ஏற்கெனவே சிரோசிஸ் வந்த, அதாவது தழும்பேறி இறுகிப்போன கல்லீரலில்தான் வருகிறது. என் அண்ணனுக்கும் அப்படித்தான், ஹெபடைடிஸ் பி-யால் வந்தது. அதனால் கட்டியின் அளவை மட்டும் வைத்து யாரும் கணக்குப் போடுவதில்லை. முதலில், கல்லீரல் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று காட்டும் சைல்டு-பியூ ஸ்கோர் பார்ப்பார்கள். ரத்தத்தில் பிலிருபின், ஆல்புமின் அளவு, ரத்தம் உறையும் வேகம், வயிற்றில் நீர், மனக்குழப்பம் என ஐந்துக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 5 அல்லது 6 வந்தால் ஏ பிரிவு. கல்லீரலை வெட்டும் ஆபரேஷன் பெரும்பாலும் இவர்களுக்குத்தான்.

அண்ணன் ஏ என்றதும் எங்களுக்கு மூச்சு வந்தது. டாக்டருக்கு வரவில்லை. பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தது, மண்ணீரலும் வீங்கியிருந்தது. குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் நாளத்தில் அழுத்தம் கூடியிருப்பதற்கான அடையாளங்கள் அவை. அழுத்தம் அதிகமென்றால், ஸ்கோர் நன்றாக இருந்தாலும் ஆபரேஷனுக்குப் பிறகு கல்லீரல் செயலிழக்கும் ஆபத்து கூடும். எண்டோஸ்கோபி எடுத்து, உணவுக்குழாயில் புடைத்த நாளங்கள் இல்லை என்று பார்த்த பிறகுதான் மேலே பேசினார்.

அப்புறம் மானிட்டரை எங்கள் பக்கம் திருப்பி, சி.டி.யில் வெட்டப்போகும் பகுதியை ஒரு நிறத்திலும் மிஞ்சப்போவதை வேறு நிறத்திலும் காட்டினார். ஆரோக்கியமான கல்லீரல் என்றால் 20 சதவீதம் மிஞ்சினாலே போதுமாம். சிரோசிஸ் இருந்தால் 40 வேண்டும். அண்ணனுக்கு அவ்வளவு வரவில்லை. வெட்டப்போகும் பக்கத்துக்குப் போகும் போர்ட்டல் நாளக் கிளையை அடைத்துவிட்டு, மறுபக்கம் வளரும்வரை சில வாரம் காத்திருந்தோம். அது வளர்ந்ததே ஒரு நல்ல சகுனம் என்றார். வளராத கல்லீரல் ஆபரேஷனையும் தாங்காது.

சரி, கட்டி திரும்ப வருமா? எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது, பெரிய ரத்தநாளத்துக்குள் புகுந்திருக்கிறதா, ரத்தத்தில் ஏ.எஃப்.பி. (இந்தப் புற்றுநோயில் கூடக்கூடிய ஒரு புரதம்) எவ்வளவு என்பதெல்லாம் முன்பே தெரியும். ஆனால் நுண்ணிய நாளங்களுக்குள் செல்கள் புகுந்திருப்பதை ஸ்கேனை வைத்து ஊகிக்கத்தான் முடியும். வெட்டி எடுத்ததை மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் உறுதியாகும். அதுதான் கணக்கை மாற்றும். வெட்டி எடுத்தவர்களில் பத்தில் ஏழு பேர் வரை ஐந்து ஆண்டுக்குள் திரும்ப வருகிறது. கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் மறுபடியும் சிகிச்சைக்கு வழி உண்டு.

ஒரே கட்டி 5 செ.மீ.க்குள், அல்லது மூன்று கட்டி வரை ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள் இருந்தால் மாற்றுக் கல்லீரல் பற்றியும் கேளுங்கள். 1996-இல் வந்த மிலான் அளவுகோல் இது. மாற்றுக் கல்லீரல் வைத்தால் கட்டியோடு சிரோசிஸும் போய்விடும்.

இணையக் கால்குலேட்டரில் எண்களைப் போட்டுப் பார்த்துத் தூக்கம் கெடாதீர்கள். அது அப்பாவைப் போன்ற நூறு பேரைப் பற்றிச் சொல்வது. டாக்டரிடம் இரண்டு முறை கேளுங்கள்: இப்போது ஒருமுறை, வெட்டி எடுத்த கட்டியின் பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும் ஒருமுறை. முதல் இரண்டு ஆண்டுகள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ஏ.எஃப்.பி.யும் எடுக்கச் சொல்வார்கள். நன்றாகத்தானே இருக்கிறார் என்று ஒன்றைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.