இத்தனூண்டு தவளைக்கு அவ்ளோ விஷம் எங்கேர்ந்து வருது?

கேள்வி: அமேசான் பக்கமெல்லாம் ஆளுங்கள அதிகமா கொல்றது அனகோண்டாதானே?

பதில்: இல்லங்க, அனகோண்டாவால மனுஷனுக்கு ஆபத்து ரொம்ப ரொம்ப கம்மி. பயப்பட வேண்டியது விரியன் வகைகளுக்குத்தான். மத்திய அமெரிக்காவுல பாம்புக்கடின்னாலே முதல்ல வர்ற பேரு தெர்சியோபெலோங்கிற விரியன், ஸ்பானிஷ்ல வெல்வெட்னு அர்த்தம். காய்ஞ்ச சருகு மேல சுருண்டு கிடந்தா ரெண்டடி தள்ளி நின்னாலும் கண்ணுக்குத் தெரியாது, அதனாலதான் தோட்ட வேலைக்குப் போறவங்க தெரியாம மிதிச்சு கடி வாங்குறாங்க. கோஸ்டாரிகாவுல 1970ல ஆரம்பிச்ச க்ளோடோமிரோ பிகாடோ இன்ஸ்டிட்யூட் குதிரைங்கள வச்சு விஷமுறிவு மருந்து தயாரிக்குது. அது எத்தனையோ உயிரைக் காப்பாத்தியிருக்கு.

கேள்வி: அம்பு முனையில தடவுற விஷத் தவளைய சிலர் வீட்ல கண்ணாடித் தொட்டியில வளர்க்குறாங்களே, எப்படி?

பதில்: நல்ல கேள்வி. கொலம்பியாவோட பசிபிக் கரையோரக் காட்டுல இருக்குற மஞ்சத் தவளை அது, நீளம் 5 செ.மீ. வந்தாலே பெருசு. எம்பெரா மக்கள் ஊதுகுழல் அம்பை அதோட முதுகுல தேய்ச்சு எடுப்பாங்க. ஆனா அந்த விஷத்த தவளை சொந்தமா தயாரிக்கல, காட்டுல தின்ற பூச்சிங்ககிட்டேர்ந்துதான் சேர்த்து வைக்குது. தொட்டியிலயே பொறந்து பழ ஈயும் குட்டி வெட்டுக்கிளியும் தின்னு வளர்ந்தா அந்த விஷம் உடம்புல சேரவே சேராது. அதுக்காக காட்டுல புடிச்சத தொட்டுப் பாக்காதீங்க!

கேள்வி: தவளை முட்டை போட்டுட்டு அதுபாட்டுக்குப் போயிடும்னு படிச்சிருக்கேன், உண்மையா?

பதில்: முக்கால்வாசி தவளைங்க அப்படித்தான். ஆனா நிகராகுவாவுலேர்ந்து பனாமா வரைக்கும் இருக்குற ஸ்ட்ராபெரி தவளை கதையே வேற, எனக்கு எத்தனை தடவ படிச்சாலும் ஆச்சரியம் தீரல. விரல் நகத்தவிடக் கொஞ்சம்தான் பெருசு. சருகுல முட்டை போட்டதும் அப்பன் அது காயாம ஈரம் பாத்துக்கும், பொரிஞ்சப்புறம் அம்மா தலைப்பிரட்டைய முதுகுல ஏத்திக்கிட்டு செடி மேல ஏறி, இலை இடுக்குல தேங்கின துளித் தண்ணியில, ஒவ்வொண்ணையும் தனித்தனி இடமா பாத்து விடும். அங்க திங்க ஒண்ணும் கெடையாது. அதனால சில நாளுக்கு ஒருக்கா அம்மா திரும்பி வரும், குட்டி உடம்ப விறைச்சு படபடன்னு ஆட்டும், 'நான் இங்கதான் இருக்கேன், பசிக்குது'ங்கிற மாதிரி, உடனே அம்மா பின்னாடியே இறங்கி கரு இல்லாத முட்டைய அந்தத் தண்ணிக்குள்ள போட்டுட்டுப் போகும். கால் முளைச்சு குட்டி வெளிய வர்ற வரைக்கும், ஒரு மாசத்துக்கும் மேல, அதுக்கு அந்த முட்டை மட்டும்தான் சாப்பாடு. இன்னொண்ணு, அம்மா பூச்சி தின்னு சேர்த்த விஷமும் அந்த முட்டையிலதான் குட்டிக்குப் போகுது, பூச்சி புடிக்கத் தெரியுறதுக்கு முன்னாடியே குட்டி உடம்புல விஷம் ஏறியிருக்கும்.